மண்ணெண்ணெய்க் கணக்கும் மறுமணமும்

கேள்வி: என் மகள் முதுகலை வரலாறு படிக்கிறாள். 'அந்தக் காலச் சங்கங்களும் சமூகச் சீர்திருத்தமும்' என்று கட்டுரைத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். அதெல்லாம் சென்னைச் சமாச்சாரம் என்கிறாள். நம் காவிரிக் கரையில் ஒன்றுமே நடக்கவில்லையா ஐயா?
– ஒரு வாசகி, பாபநாசம்

பதில்: சங்கம் சென்னையில் கூடியது, வாஸ்தவம்தான். கூடினவர்கள் எந்த ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள் அம்மா.

திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கம் என்று ஒன்று இருந்தது. படித்த இளைஞர்கள் கூடி, பேசி, கலைகிற இடம். 1878-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு முதல் இந்திய நீதிபதியாக முத்துசாமி ஐயரை நியமித்தபோது வெள்ளைக்காரர் நடத்திய பத்திரிகைகள் எரிந்து விழுந்தன. பதில் சொல்லப் பத்திரிகை வேண்டுமே! அந்தச் சங்கத்து ஆறு பேர் ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி 80 பிரதி அச்சிட்டார்கள். 'தி இந்து' பிறந்த கதை அது. முத்துசாமி ஐயர் தஞ்சை ஜில்லாவில் பிறந்தவர். ஆறு பேரில் முன்னால் நின்ற ஜி. சுப்பிரமணிய ஐயர் திருவையாறு. 1887-ல் சென்னையில் கூடிய முதல் இந்திய சமூக மாநாட்டுக்குத் தலைமை வகித்த சர் டி. மாதவராவ் கும்பகோணத்தில் பிறந்தவர். அவருடைய உறவினர் திவான் பகதூர் ரகுநாதராவும் கும்பகோணம்தான். விதவை மறுமணத்துக்கு சாஸ்திரம் குறுக்கே நிற்கவில்லை என்று சாஸ்திரத்தை வைத்தே வாதாடியவர்.

இதோடு நிறுத்தினால் பெயர்ப் பட்டியல்தான் மிஞ்சும். உங்கள் மகள் பார்க்க வேண்டியது வேறு. சுப்பிரமணிய ஐயர் மறுமணத்தை ஆதரித்து எழுதினார், பேசினார். எத்தனையோ பேர் பேசினார்கள். 1889-ல், சிறு வயதிலேயே கணவனை இழந்த தம் மகளுக்கு பம்பாயில் மறுமணம் செய்துவைத்தார். காங்கிரஸ் கூடியிருந்த சமயம். சொந்தபந்தம் அவரை ஒதுக்கி வைத்தது. சங்கத்தில் கை தட்டினவர்களில் எத்தனை பேர் அதற்கப்புறம் அவர் வீட்டில் கை நனைத்தார்கள்? கட்டுரையை அந்தக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள். தீர்மானங்களை யார் வேண்டுமானாலும் பார்த்து எழுதிவிடலாம்.

கேள்வி: தஞ்சாவூர்க் கரந்தைத் தமிழ்ச் சங்கம் மொழிக்காக ஏற்பட்டது. அதைப் போய்ச் சீர்திருத்தக் கணக்கில் சேர்ப்பது முறையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், ஒரத்தநாடு

பதில்: ஆசிரியர் பிரம்போடு வந்திருக்கிறார். கரந்தைச் சங்கம் 1911 மே மாதம் பிறந்தது. தொடங்கியவர் இராதாகிருட்டிணப் பிள்ளை. முதல் தலைவரான அவர் அண்ணன் உமாமகேசுவரனார் 1941-ல் கண்மூடும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். 1925-லிருந்து 'தமிழ்ப்பொழில்' இதழ். இது வரைக்கும் மொழிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே உமாமகேசுவரனார் வக்கீல், நீதிக்கட்சிக்காரர், தாலுகா போர்டுத் தலைவர். பள்ளிக்கூடம் எந்த ஊரில் திறப்பது, அதில் யார் பிள்ளை உட்காருவது என்பதெல்லாம் போர்டு மேசைக்கு வருகிற விஷயம். காலையில் போர்டு, சாயங்காலம் சங்கம். இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

இன்னொன்றும் சொல்கிறேன். 1912-ல் தஞ்சாவூரில் ஆபிரகாம் பண்டிதர் சங்கீத வித்யா மகாஜன சங்கம் என்று ஆரம்பித்தார். மருந்து விற்றுச் சம்பாதித்த காசைப் போட்டு வித்துவான்களைக் கூட்டி மாநாடு நடத்தினார். பேச்செல்லாம் இசையில் சுருதிகள் எத்தனை என்ற கணக்குதான், சீர்திருத்தம் என்ற சொல்லே வேண்டியிருக்கவில்லை. ஆனால் 1916-ல் பரோடா இசை மாநாட்டில் அவர் கணக்கைப் பாடிக் காட்டியது அவருடைய பெண்மக்கள். குடும்பப் பெண் சபையில் பாடுவதா என்று மூக்கைச் சுளித்த காலம் அது. இதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள் ஐயா?

கேள்வி: பெண்களுக்காக ஆண்கள் பேசியதையே சொல்கிறீர்கள். பெண்கள்?
– கல்லூரி மாணவி, மயிலாடுதுறை

பதில்: குட்டு பலமாகவே விழுந்தது, நன்றி. உங்கள் ஊரில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை 1869-லேயே 'பெண்மதி மாலை' எழுதினார். பெரிய மனசு. ஆனாலும் அது மேலே இருந்து நீட்டிய கை. உங்கள் ஊருக்குப் பக்கத்து மூவலூரில் வளர்ந்த இராமாமிர்தம் அம்மையார் தேவதாசி முறையை அதற்குள்ளிருந்தே பார்த்தவர். மேடை மேடையாகப் பேசினார். 1936-ல் அதையே நாவலாக எழுதினார். 1947-ல் அந்த முறையை ஒழிக்கும் சட்டம் வந்தது. பெண்ணைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டு என்றால் என்ன என்று அறிக்கையில் தேட வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. உங்கள் ஊர்ப் பஸ் நிலையத்தில் நின்று அவர் பெயரைக் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேருக்குத் தெரிகிறது என்று.

கேள்வி: சங்கம், சங்கம் என்று உருகுகிறீர்களே, நீங்கள் எந்தச் சங்கத்திலாவது இருந்ததுண்டா?
– வாசகர், திருக்காட்டுப்பள்ளி

பதில்: உங்கள் ஊர்ப் பக்கத்துக் கிராமத்துப் படிப்பகத்தில் பேப்பர் படிக்கிற பையனாக இருந்தேன். அப்பா காரியதரிசி. எனக்குப் பத்து வயது. ராத்திரி ஏழு மணிக்கு லாந்தர் ஏற்றி, எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களுக்கு நான் சத்தம் போட்டு வாசிப்பேன். பெஞ்சில் ஏழெட்டுப் பேர். ஜன்னலுக்கு வெளியே ரோட்டில், தோளில் துண்டு போடாமல், வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் நிற்பார்கள். "உள்ளே இருக்கிறவங்களுக்குக் கேக்குதுல்ல, எதுக்குடா கத்துறே?" என்று பெஞ்சிலிருந்து ஒருவர் அதட்டுவார். நான் கத்துவது ஜன்னலுக்காக.

ஒருநாள் அப்பா ஒன்றும் பேசாமல் லாந்தரைக் கொண்டுபோய்த் திண்ணையில் வைத்துவிட்டு, "இங்க உக்காந்து படி, காத்து வருது" என்றார். தை மாதம். பனியில் பல் கிட்டியது, எந்தக் காற்று? வெளியே நின்றவர்களில் இரண்டு பேர் திண்ணை ஓரத்தில் உட்கார்ந்தார்கள். உள்ளேயிருந்து மூன்று பேர் எழுந்து போனார்கள்.

அப்பாவின் கணக்கு நோட்டு என்னிடம் இருக்கிறது. அந்த மாதப் பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்: மண்ணெண்ணெய் 3 அணா. சிம்னி உடைந்தது 2 அணா. சந்தா நின்றது 3 பேர். சிம்னி எப்படி உடைந்தது என்று எழுதவில்லை. நான் கேட்டதற்கும் சொல்லவில்லை.

கட்டடம் இன்னும் நிற்கிறது. மழைக்காலத்தில் நெல் மூட்டை அடுக்குகிறார்கள். அலமாரிச் சாவி யாரிடம் என்று போன பொங்கலுக்கு நாலு பேரிடம் விசாரித்தேன், நாலு பேரும் ஆளுக்கொரு வீட்டைக் கை காட்டினார்கள்.