மூன்றேகாலுக்குப் பள்ளி விட்டால், எட்டு மணி வரை பிள்ளைகள் எங்கே?

கோத்தகிரியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். இங்கிலாந்தில் மருத்துவமனை நர்ஸ் வேலைக்கு ஆர்டர் வந்துவிட்டது. கணவரும் இரண்டு பிள்ளைகளும் கூடவே போகிறார்கள். மகனுக்கு 13, மகளுக்கு 11. பள்ளி மூன்றேகாலுக்கு விட்டுவிடுமாம், டூட்டி முடிய இரவு எட்டாகுமாம். கணவரும் போனதும் ஏதாவது வேலைக்குப் போய்விடுவார். கோத்தகிரியில் என்றால் பாட்டி வீடு இருக்கிறது, டியூஷன் இருக்கிறது, சின்ன வகுப்பில் இல்லம் தேடிக் கல்வியும் கைகொடுத்தது. அங்கே அந்த ஐந்து மணி நேரத்துக்கு என்ன வழி, அரசு ஏதாவது செய்கிறதா, வீட்டில் தனியாக விடலாமா என்பது கேள்வி.

செய்கிறது. ஆனால் உங்கள் பிள்ளைகளின் வயதுக்கு வரும்போதுதான் அது மெலிந்துபோகிறது. பிரைமரி பள்ளிகள் பெரும்பாலானவற்றில் மாலை ஆறு மணி வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆஃப்டர் ஸ்கூல் கிளப் உண்டு. காசு கொடுத்தால் ரொட்டி, பழம் கொடுத்து, பெற்றோர் வந்து கையெழுத்துப் போடும் வரை வெளியே விடமாட்டார்கள். செகண்டரியில், அதாவது ஏழாம் ஆண்டிலிருந்து, அப்படி எதுவும் பொதுவாகக் கிடையாது. பிள்ளை தானே பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இல்லம் தேடிக் கல்வி போல ஒரே திட்டம் என்று தேடினால் கிடைக்காது. பள்ளியின் கிளப் ஒன்று, ஊர் யூத் கிளப் ஒன்று, ஸ்கவுட் ஒன்று என்று துண்டு துண்டாகத்தான் இருக்கும். சேர்த்துத் தைப்பது நம் வேலை.

அதனால் முதலில் மகளின் பிறந்த தேதியைப் பாருங்கள். ஆகஸ்ட் 31-க்குள் 11 வயது முடித்த பிள்ளை அந்தச் செப்டம்பரில் ஏழாம் ஆண்டு. செப்டம்பர் 1 அன்றோ அதற்குப் பிறகோ முடிப்பவர் இன்னும் ஒரு வருஷம் பிரைமரியில், ஆறாம் ஆண்டில் இருப்பார். ஒரே நாள் வித்தியாசத்தில் ஆறு மணி வரைக்குமான கிளப் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். நம் ஊரில் எந்த வகுப்புப் படித்தார் என்பதை அங்கே பெரிதாகப் பார்ப்பதில்லை, வயதைத்தான் பார்ப்பார்கள்.

அடுத்து உங்கள் டூட்டிக் கணக்கு. முழுநேர நர்ஸுக்கு வாரம் 37.5 மணி நேரம். பெரும்பாலான வார்டுகளில் லாங் டே, காலை ஏழரையிலிருந்து இரவு எட்டு வரை; இடைவேளையைக் கழித்தால் பதினொன்றரை மணி நேரம் கணக்கில் வரும். நாலு வாரத்துக்கு 13 ஷிஃப்ட், சராசரியாக வாரம் மூன்று நாள்தான். ஆக ஐந்து மாலைக்கும் ஏற்பாடு தேவையில்லை, வார நாளில் விழும் இரண்டு மூன்று மாலைகளுக்குப் போதும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: உங்கள் நாட்கள் வாராவாரம் மாறும், கிளப்புகளின் நாள் மாறாது. ஸ்கவுட் செவ்வாய் என்றால் வருஷம் முழுக்கச் செவ்வாய்தான்.

இதைச் சமாளிக்க ஒரு சட்ட வழி உண்டு. 2024 ஏப்ரல் 6 முதல், வேலையில் சேர்ந்த முதல் நாளே வேலை நேரத்தை மாற்றித் தரக் கேட்கும் உரிமை இருக்கிறது. எழுத்தில் கேட்க வேண்டும், இரண்டு மாதத்துக்குள் பதில் தர வேண்டும், 12 மாதத்தில் இரண்டு முறை கேட்கலாம். கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அதனால் 'குழந்தைகள் இருக்கிறார்கள், நைட் வேண்டாம்' என்று மொத்தமாகக் கேட்காதீர்கள், அது எளிதில் மறுக்கப்படும். பிள்ளைகளின் கிளப் நாட்களை முதலில் முடிவு செய்துகொண்டு, 'செவ்வாய், வியாழன், சனி லாங் டே போடுங்கள், திங்களும் புதனும் வேண்டாம்' என்று நாள் குறித்துக் கேளுங்கள். ரோஸ்டர் போடுகிறவருக்கு அதுதான் வசதி. இருவரும் ஒரே நாளில் லேட் ஆகாதபடி கணவரின் வேலையையும் இதோடு ஒட்டியே தேடுங்கள்.

இனி துண்டுகளைப் பார்ப்போம். பள்ளியிலேயே நடக்கும் கிளப்புகளுக்குப் பெரும்பாலும் கட்டணமில்லை. நூலகத்தில் ஹோம்வொர்க் கிளப், ஃபுட்பால், நாடகம், சமையல், கோடிங் என்று பள்ளி முடிந்ததும் தொடங்கி நாலரை வாக்கில் முடிந்துவிடும். செப்டம்பர் முதல் இரண்டு வாரத்தில் பட்டியல் வரும், இடம் சீக்கிரம் நிரம்பும். நடுவில் சேர்கிற பிள்ளைக்கு யாரும் தேடி வந்து சொல்லமாட்டார்கள், ஆபீஸில் நீங்களே கேட்க வேண்டும். இதில் ஒரு பொறி இருக்கிறது. 8 முதல் 16 வயதுப் பிள்ளைக்குப் பொருத்தமான அருகிலுள்ள பள்ளி 3 மைலுக்கு மேல் என்றால் கவுன்சில், அதாவது உள்ளூர் நிர்வாகம், இலவச பஸ் தரும். அந்த பஸ் பள்ளி விட்டதும் கிளம்பிவிடும், கிளப்புக்காகக் காத்திருக்காது. கிராமத்துக்குப் போகும் கடைசி பஸ்ஸை விட்டவர் கதி என்னவென்று மலையில் இருப்பவருக்குச் சொல்லத் தேவையில்லை. வீடு பார்க்கும்போதே, பள்ளியிலிருந்து ஐந்து மணிக்கு மேல் சாதாரண பஸ் இருக்கிறதா என்று பாருங்கள். லண்டன் என்றால் கவலை குறைவு: 11 முதல் 15 வயதுக்கான ஸிப் ஆய்ஸ்டர் கார்டு எடுத்தால் பஸ் இலவசம்.

யூத் கிளப்பைப் பற்றித்தான் புதிதாக வருகிறவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பெரும்பாலானவை 'டிராப் இன்'. பிள்ளை பெயர் எழுதிவிட்டு உள்ளே போகும், போரடித்தால் வெளியே வந்துவிடும். அங்குள்ள யூத் ஒர்க்கர் பயிற்சி பெற்றவர், பிள்ளைகளிடம் நன்றாகப் பேசுவார், ஆனால் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கமாட்டார். அது அவர் பொறுப்பில் சேர்ந்ததும் இல்லை. பிள்ளை எட்டு மணி வரை அங்கேதான் இருக்கும் என்று நம்பி வார்டில் நிற்காதீர்கள். வந்ததும் ஒரு மெசேஜ், கிளம்பும்போது ஒரு மெசேஜ் என்று மகனிடம் பழக்கம் வையுங்கள். இரண்டாவது சிக்கல் வயது. பல கிளப்புகள் சிறியவர்களுக்கு ஒரு நாள், 13-க்கு மேல் இன்னொரு நாள் என்று பிரித்து வைத்திருக்கும். 11-ம் 13-ம் ஒரே மாலையில் சேர்ந்து போக முடியாமல் போகும். கட்டணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆன்சைடு (OnSide) என்ற தொண்டு அமைப்பின் யூத் ஸோன் என்னும் இளைஞர் மையங்கள் இருக்கும் ஊர் உங்களுக்கு அமைந்தால் அதிர்ஷ்டம்: வருஷத்துக்கு 5 பவுண்டு, ஒவ்வொரு முறைக்கும் 50 பென்ஸ் என்ற கணக்கில், சுவர் ஏறுவதிலிருந்து இசை வரை எல்லாம் ஒரே கூரையின் கீழ். மற்ற ஊர்களில் 2010-க்குப் பிறகு கவுன்சில்கள் செலவைக் குறைத்ததில் நிறைய யூத் கிளப்புகள் மூடப்பட்டுவிட்டன. பழைய பட்டியலை நம்பிப் போனால் பூட்டிய கதவுதான் இருக்கும். போன் பண்ணிவிட்டுப் போங்கள்.

என்னைக் கேட்டால், வாரத்தில் ஒரு மாலையாவது சீருடை இயக்கம் ஒன்றுக்கு ஒதுக்குங்கள். ஐந்து நாளும் டியூஷன் போடுகிற நம் வழக்கத்தை அங்கே கொண்டுபோனால், பிள்ளைக்கு இரண்டு வருஷம் ஆனாலும் ஊரில் ஒரு நண்பன் இருக்கமாட்டான். ஸ்கவுட் பிரிவு பத்தரையிலிருந்து 14 வயது வரை, அதனால் உங்கள் பிள்ளைகள் இருவரும் ஒரே குழுவில், ஒரே மாலையில் சேரலாம். பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள். உறுதிமொழியில் அரசருக்கும் கடவுளுக்கும் கடமை என்று வருமே என்று தயங்க வேண்டாம். இந்துப் பிள்ளைகள் 'என் தர்மத்துக்கு' என்றும், வெளிநாட்டுக் குடிமக்கள் 'இப்போது வாழும் நாட்டுக்கு' என்றும் சொல்ல அதிலேயே இடம் வைத்திருக்கிறார்கள். தடை ஒன்றுதான், காத்திருப்போர் பட்டியல். பிள்ளைகள் நிறைய, தலைவர்களாக வரும் பெரியவர்கள் குறைவு. கணவர் மாதத்துக்கு ஒன்றிரண்டு மாலை உதவிக்கு வருகிறேன் என்று சொன்னால் பட்டியல் ஆச்சரியமாக நகரும்.

மகனுக்கு எட்டாம் ஆண்டு தொடங்கி 12 வயதும் ஆகிவிட்டதால் ஏர் கேடட், ஆர்மி கேடட் இரண்டும் திறந்திருக்கின்றன. குன்னூர் பக்கத்து வெலிங்டன் ராணுவ முகாமின் பரேடு பார்த்து வளர்ந்த பையன்களுக்கு இது சட்டென்று பிடிக்கும். நம் என்.சி.சி. மாதிரிதான், ஆனால் பள்ளிக்கு வெளியே, பொதுவாக வாரம் இரண்டு இரவு. பிறகு ராணுவத்தில் சேர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பள்ளியில் ஜே.ஆர்.சி.யில் (ஜூனியர் ரெட் கிராஸ்) இருந்த பிள்ளைக்கு செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் கேடட் பொருந்தும், 10 வயதிலிருந்தே எடுக்கிறார்கள். இவை எல்லாம் ஏழு மணி வாக்கில் தொடங்குகிறவை என்பதையும் கவனியுங்கள். மூன்றேகாலிலிருந்து ஏழு வரை உள்ள இடைவெளியை இவை அடைக்காது. நூலகம் அடைக்கும். இலவசம், சூடு இருக்கும், கம்ப்யூட்டர் இருக்கும். ஆனால் பல கிளைகள் வாரத்தில் ஒரு நாள் மூடியிருக்கும், சில ஐந்து மணிக்கே பூட்டிவிடும்.

சேரும் படிவத்தில் இரண்டு இடத்தில் நம்மவர்கள் தடுக்குவார்கள். சாப்பாட்டுக் கட்டத்தில் 'வெஜிடேரியன்' என்று மட்டும் எழுதினால் முட்டையும் சீஸும் வரும். முட்டை கூடாது என்றால் தனியாக எழுதுங்கள், ஜெலட்டின் போட்ட மிட்டாயும் கூடாது என்றால் அதையும். அவசரத் தொடர்பு என்று இரண்டு பேர் கேட்பார்கள். இருவரும் கணவன் மனைவியாகவே இருந்து, ஒருவர் வார்டிலும் மற்றவர் கோடவுனிலும் போனை லாக்கரில் வைத்திருந்தால் பயனில்லை. வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே, கார் வைத்திருக்கும் அல்லது வீடு பக்கத்தில் உள்ள சக நர்ஸ் ஒருவரிடம் பேசி அவர் பெயரைப் போடுங்கள். பதிலுக்கு நீங்களும் கிளப்காரர்களிடம் தயங்காமல் இரண்டு கேள்வி கேளுங்கள்: பிள்ளைகளோடு இருப்பவர்களுக்கு டி.பி.எஸ். என்ற குற்றப் பின்னணிச் சோதனை முடிந்ததா, பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் யார்? கோபித்துக்கொள்ளமாட்டார்கள். பதில் சொல்லத் தடுமாறும் இடத்துக்குப் பிள்ளையை அனுப்ப வேண்டாம்.

வீட்டில் தனியாக விடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இத்தனை வயது என்று சட்டம் ஒரு எண்ணைச் சொல்லவில்லை. ஆனால் ஆபத்து வரும்படி விட்டால் பெற்றோர் மேல் வழக்கு வரும். குழந்தைப் பாதுகாப்பு அமைப்பான என்.எஸ்.பி.சி.சி. சொல்வது இது: 12-க்குக் கீழ் நீண்ட நேரம் தனியாக விடும் பக்குவம் அரிது, 16-க்குக் கீழ் இரவு முழுக்கத் தனியாக விடக் கூடாது. அண்ணன் பார்த்துக்கொள்வான் என்பது நம் ஊர்க் கணக்கு. அங்கே 13 வயதுப் பையன் பொறுப்பில் 11 வயதுப் பெண் இருந்தாலும், ஏதாவது ஆனால் கேள்வி உங்களிடம்தான் வரும். இரவு ஷிஃப்ட்டில் கணவர் கட்டாயம் வீட்டில் இருக்க வேண்டும். பிள்ளைகள் தாங்களாகவே பேசக்கூடிய சைல்ட்லைன் எண் 0800 1111, இலவசம். இருவர் போனிலும் போட்டு வையுங்கள்.

விடுமுறைகள் தனித் தலைவலி. கோடையில் ஆறு வாரம், கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் இரண்டிரண்டு, நடுவில் மூன்று ஹாஃப் டெர்ம், அதாவது பருவத்தின் பாதியில் வரும் விடுமுறை. 2021 முதல் இங்கிலாந்து முழுக்க ஹாஃப் (HAF, ஹாலிடே ஆக்டிவிட்டீஸ் அண்ட் ஃபுட்) என்ற திட்டம் நடக்கிறது. வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கோடையில் நாலு வாரம், கிறிஸ்துமஸ், ஈஸ்டர் விடுமுறைகளில் தலா ஒரு வாரம், நாளுக்கு நாலு மணி நேரம் விளையாட்டும் சாப்பாடும். பெயரைப் பார்த்துக் குழம்பாதீர்கள், ஹாஃப் டெர்ம் விடுமுறைக்கு அது கிடையாது. அடிப்படையில் அது உதவித்தொகை சார்ந்த இலவச மதிய உணவு பெறும் பிள்ளைகளுக்கு. கவுன்சில்கள் தங்கள் விருப்பத்தில் வேறு சிலரையும் சேர்க்கலாம் என்பதால் பள்ளியில் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் சைல்ட் பெனிஃபிட் போன்ற அரசு உதவித்தொகை எதற்கும் விண்ணப்பிக்காதீர்கள். உங்கள் விசாவில் பொது நிதிக்கு உரிமை இல்லை என்று இருக்கும், தெரியாமல் வாங்கினாலும் பின்னால் விசா புதுப்பிக்கும்போது இடிக்கும். யூத் கிளப், நூலகம், ஸ்கவுட் இவை அந்தத் தடைக்குள் வராது.

கிளம்புவதற்கு முன் கோத்தகிரியிலேயே முடிக்க வேண்டியவை சில. மருத்துவமனையின் போஸ்ட்கோடு உங்கள் ஆர்டரில் இருக்கும். அதை வைத்து ஸ்கவுட் இணையதளத்தில் பக்கத்துக் குழுக்களைத் தேடி, இப்போதே பட்டியலில் பெயர் கொடுங்கள். அந்தக் கவுன்சிலின் ஃபேமிலி இன்ஃபர்மேஷன் சர்வீஸுக்கு பிள்ளைகளின் வயதைச் சொல்லி ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள், நடப்பில் உள்ள கிளப்புகளைச் சொல்வார்கள். தடுப்பூசி அட்டையும், ஸ்கவுட் அல்லது ஜே.ஆர்.சி. சான்றிதழ் இருந்தால் அதுவும் கைப்பையில் வரட்டும்.

குளிரும் மழையும் மலைப் பிள்ளைகளுக்குப் புதிதில்லை. இருட்டுதான் புதிது. கோத்தகிரியில் டிசம்பரிலும் ஆறு மணி வரை வெளிச்சம் இருக்கும், லண்டனில் அந்த மாதம் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். கிளப் விட்டு வருவது முழு இருட்டில்தான். ஒளியைத் திருப்பி அடிக்கும் பட்டை உள்ள ரெயின்கோட் அங்கே போய் வாங்குங்கள், இங்கிருந்து ஸ்வெட்டர் மூட்டை கட்ட வேண்டாம். இன்னொன்று, முகாம் படிவம் ஒவ்வொன்றிலும் '50 மீட்டர் நீந்தத் தெரியுமா' என்பது போல ஒரு கட்டம் வரும். நீலகிரிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அங்கே 'இல்லை' என்று எழுதிவிட்டு, மற்றவர்கள் படகில் போகும்போது கரையில் நிற்பார்கள். மே மாதம் கைவசம் இருந்தால், கோயம்புத்தூரில் சொந்தக்காரர் வீட்டில் விட்டு ஒரு மாத நீச்சல் வகுப்பில் சேர்த்துவிடுங்கள்.