மண்டப வாசலுக்காக ஒரு கார் கடனா?

கேள்வி: என் கணவருக்கு 38 வயது. திருச்சி தில்லைநகரில் ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறார். திருவானைக்காவலில் இருந்து தினமும் சைக்கிளில்தான் ஆபீஸ் போய் வருகிறார். வீட்டில் இருக்கும் ஸ்கூட்டரை நான் ஓட்டுகிறேன். போன மாதம் என் தம்பி வீட்டு விசேஷத்துக்கு ஆபீஸிலிருந்து நேராக சைக்கிளில் வந்தார். மண்டப வாட்ச்மேன் அவரைச் சமையல் வேலைக்கு வந்தவர் என்று நினைத்து, "பின்வாசல் வழியா போப்பா" என்று அனுப்பிவிட்டார். அவர் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. "ஜி.எஸ்.டி. குறைஞ்சிருக்கு, இப்பவே ஒரு கார் எடுத்துடுங்கக்கா" என்கிறான் தம்பி. கைக்கு வரும் சம்பளம் 58,000 ரூபாய். வாடகை 12,000, எஸ்.ஐ.பி. (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடுவது) 8,000. சேமிப்பு 4 லட்சம் இருக்கிறது. நாங்கள் பார்த்த கார் ஆன்ரோடு 9 லட்சம். 2 லட்சம் கையிலிருந்து போட்டு, மீதி 7 லட்சத்தை 7 வருடக் கடனாக வாங்கலாம் என்று இருக்கிறோம். இரண்டு வருடத்தில் ஒரு ஃபிளாட்டும் வாங்க ஆசை. மாமியாரை மாதம் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். கார் வாங்கலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் மண்டப வாசல் ஐந்தாறு வரிகளுக்கு வருகிறது, மாமியாரின் ஆஸ்பத்திரி ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. கார் எதற்காக என்பது அதிலேயே தெரிகிறது. அந்த வாசலில் உங்களுக்கு வலித்ததை நான் குறைத்துச் சொல்லவில்லை. நம் ஊரில் சைக்கிளுக்கு மரியாதை கிடைப்பது நேரத்தைப் பொறுத்தது. விடிகாலை ஐந்து மணிக்கு ஹெல்மெட்டும் இறுக்கமான டீ-ஷர்ட்டுமாகப் போனால், "சார் ஃபிட்னஸ்ல இருக்கார்". அதே ஆள் எட்டே முக்காலுக்கு ஹேண்டில்பாரில் டிபன் பையை மாட்டிக்கொண்டு போனால், "பாவம், என்ன கஷ்டமோ". டாக்டர் சொன்னார் என்றால் விட்டுவிடுவார்கள். காசு மிச்சம் என்றால் முகம் மாறும். தமிழக அரசு பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கிறது. அந்த வயதில் அதை வாங்க வரிசையில் நிற்கிறோம், இருபது வருடம் கழித்து அதில் ஏறினால் தலைகுனிவு. உங்கள் பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில், 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். அவர்களையும் தெருவில் கேலி பேசினார்கள். பேசியவர்களுக்குப் பழகியதும் பேச்சு நின்றது.

சரி, கணக்குக்கு வருவோம். 7 லட்சம், 9 சதவீத வட்டி, 84 மாதம் என்றால் இ.எம்.ஐ. சுமார் 11,260 ரூபாய். ஏழு வருடத்தில் வட்டி மட்டும் ஏறத்தாழ 2.46 லட்சம். பெட்ரோல், சர்வீஸ், இன்ஷூரன்ஸ், டயர் எல்லாவற்றுக்கும் மாதம் 5,000 என்று குறைத்தே வைத்தாலும் 16,000-க்கு மேல் போகிறது. சம்பளத்தில் கால்வாசிக்கும் அதிகம். எஸ்.ஐ.பி.யை எப்போது நிறுத்துவீர்கள் என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்கும். நான் பார்த்த குடும்பங்களில் முதலில் வெட்டு விழுவது அதற்குத்தான்.

ஆனால் உங்களுக்குப் பெரிய இழப்பு இதுவும் அல்ல, ஃபிளாட்தான். வீட்டுக் கடன் தரும்போது, எல்லா இ.எம்.ஐ.யும் சேர்ந்து கைக்கு வரும் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று பல வங்கிகள் பார்க்கின்றன. உங்கள் கணவருக்கு அந்தப் பாதி 29,000. எட்டரை சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு இ.எம்.ஐ. சுமார் 868 ரூபாய் வரும். அப்படியென்றால் இன்று அவருக்குக் கிட்டத்தட்ட 33 லட்சம் கடன் கிடைக்கும். கார் இ.எம்.ஐ. ஓடிக்கொண்டிருக்கும்போது போனால் 20 லட்சம்தான். 9 லட்ச ரூபாய் கார், வீட்டுக் கடனில் 13 லட்சத்தைத் தின்றுவிடுகிறது. ஷோரூமில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள், சொல்வது அவர்கள் வேலையும் இல்லை.

தம்பி சொன்ன ஜி.எஸ்.டி. விஷயம் உண்மைதான். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு 28 சதவீதம் 18 ஆகியிருக்கிறது. (அதே நாளில் சைக்கிளுக்கும் 12-லிருந்து 5 ஆனது. அதை அவர் சொல்லியிருக்க மாட்டார்.) வரி குறைந்தால் காரின் விலை குறையும். மதிப்புத் தேய்வது குறையாது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் ஐ.டி.வி. (வண்டியின் இன்றைய மதிப்பு) போடும் அட்டவணையைப் பாருங்கள்: நான்கு வருடம் தாண்டி ஐந்தாவது வருடத்தில் பாதி கழிந்துவிடும். கடன் அப்போதும் பாக்கி இருக்கும்.

கார் அவசியமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ரியல் எஸ்டேட், மெடிக்கல் ரெப் மாதிரி வேலைகளில் எதில் வந்து இறங்குகிறார் என்பதைப் பார்த்தே எதிரில் இருப்பவர் பேச ஆரம்பிப்பார். அங்கே கார் தொழில் செலவு. அக்கவுண்ட்ஸில் அப்படி இல்லை. உங்கள் கணவர் பேலன்ஸ் ஷீட்டை சரியாகப் போட்டால் போதும், எதில் வந்தார் என்று ஆடிட்டர் கேட்க மாட்டார்.

ஆகவே இப்போதைக்கு வேண்டாம். மாமியாரின் ஆஸ்பத்திரி, மழை நாள், குடும்பத்தோடு போகும் விசேஷம் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து மாதம் 3,000 ரூபாயைக் கால் டாக்ஸிக்கென்று தனியாக ஒதுக்குங்கள். ஒதுக்கிய பணத்தைத் தயங்காமல் செலவு செய்யுங்கள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு டாக்ஸியில் மண்டபத்தில் போய் இறங்குவது ஆடம்பரம் இல்லை, 16,000-க்குப் பதில் 3,000. வாங்கப்போகும் காரின் இ.எம்.ஐ. 11,000-ஐ இந்த மாதமே வங்கியில் ஆர்.டி.யாக (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) கட்ட ஆரம்பியுங்கள். அதைக் கட்டுவதே மூச்சு முட்டினால் காரும் முட்டும். கட்ட முடிந்தால் இரண்டு வருடத்தில் வட்டி சேராமலேயே 2.64 லட்சம் இருக்கும். வங்கி 30 லட்சத்துக்கு மேல் கடன் தரும்போது வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் தரும். மீதிக்கும் பத்திரப்பதிவுக்கும் கைக்காசு வேண்டும். உங்களிடம் இருக்கும் 4 லட்சத்தோடு இது சேரட்டும். கார் ஆசையை ஃபிளாட் பத்திரம் முடிந்த பிறகு மறுபடி எடுத்துப் பார்க்கலாம்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு விஷயம்தான் எனக்குக் கவலை. காவிரிப் பாலத்தில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே அவர் தினமும் போகிறார். கார், பைக் உரிமையாளர்களுக்கு வண்டி இன்ஷூரன்ஸோடு 15 லட்சத்துக்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு கட்டாயமாக வருகிறது. சைக்கிள்காரருக்கு அப்படி எதுவும் தானாக வராது. இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி எதுவென்றே தெரியாவிட்டால், அரசு தரும் இழப்பீடு உயிரிழப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000. அவ்வளவுதான். அதனால் அவருடைய வங்கிக் கணக்கில் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். வருடம் 20 ரூபாய்க்கு 2 லட்சம். அது போதாது. தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுங்கள், அதில் காயத்தால் வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்குப் பணம் தரும் பிரிவு இருக்கட்டும். டெர்ம் பாலிசி (இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) இல்லையென்றால் அதுதான் முதலில். சைக்கிளுக்குப் பின்னால் ஒரு சிவப்பு லைட்டும் வாங்கிக் கொடுங்கள்.