அக்கா சொல்வது 18 மாதம், பக்கத்து வீட்டார் சொல்வது 24: எது என் கணக்கு?

கேள்வி: காரைக்காலிலிருந்து குடும்பத்தோடு இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியன் வந்தவள் நான், வயது 38. இங்கே சான் தெனியில் ஒரு துணிக்கடையில் 2024 ஜூலை 1 முதல் 2025 ஆகஸ்ட் 31 வரை காலக்கெடு ஒப்பந்தத்தில் வேலை பார்த்தேன். ஒப்பந்தம் முடிந்தது, நீட்டிக்கவில்லை. ஷோமாஜ் (வேலையில்லாதவர்களுக்கான உதவித்தொகை) எத்தனை மாதம் வரும்? பாரீஸ் பக்கம் லா குர்நெவில் இருக்கும் அக்கா 18 மாதம் என்கிறாள். பக்கத்து வீட்டில் 24 என்கிறார்கள். இடையில் ஊருக்கும் ஒருமுறை போய்வர வேண்டும்.

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரிதான் அம்மா. ஆனால் இரண்டுமே உங்கள் கணக்கு அல்ல. 18, 24 என்பதெல்லாம் உச்ச வரம்பு. உங்களுக்கு உரிய காலத்தை நீங்கள் வேலை பார்த்த நாட்களை வைத்துத்தான் எண்ணுவார்கள்.

வரம்பு ஏன் இரண்டாக இருக்கிறது? 2023 பிப்ரவரி 1 முதல் பிரான்ஸ் பெருநிலத்தில் உதவிக் காலத்தைக் கால்பங்கு வெட்டிவிட்டார்கள். ரீயூனியன் போன்ற கடல்கடந்த மாவட்டங்களில் வேலை கிடைப்பது கடினம் என்பதால் அந்த வெட்டு இங்கே இல்லை. அதனால் 55 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அங்கே உச்சம் 548 நாள், இங்கே 730 நாள். வயது 55, 56 என்றால் இங்கே 913 நாள். 57க்கு மேல் 1,095 நாள். இந்த வயதுப் பிரிவுகள் 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளவை. நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். அக்கா வீட்டு முகவரியைக் கொடுத்துப் பதிவு செய்யலாமே என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், நஷ்டம் உங்களுக்குத்தான்.

இனி உங்கள் கணக்கு. கடைசி 24 மாதத்துக்குள் குறைந்தது 130 நாள் அல்லது 910 மணி நேரம் வேலை பார்த்திருந்தால் உரிமை உண்டு. உங்களிடம் அதற்கு மேலேயே இருக்கிறது. ஒப்பந்தத்தின் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை, ஞாயிறும் விடுமுறையும் சேர்த்து எண்ணினால் 427 நாள். ரீயூனியனில் அப்படியே 427 நாள் கிடைக்கும். இதே வேலையை லா குர்நெவில் குடியிருந்து பார்த்திருந்தால் சுமார் 320 நாளோடு நின்றிருக்கும். 2025 ஏப்ரலிலிருந்து, மாதம் 28 நாளானாலும் 31 நாளானாலும் 30 நாள் கணக்கில்தான் பணம் போடுகிறார்கள். ஆக, 14 மாதமும் கொஞ்சம் நாட்களும்.

பணம் உடனே வந்துவிடாது. 7 நாள் காத்திருப்பு எல்லோருக்கும் உண்டு. ஒப்பந்த முடிவில் எடுக்காத விடுமுறைக்குப் பணம் வாங்கியிருந்தால் அதற்கும் சில நாள் தள்ளிப்போகும், அதிகபட்சம் 30 நாள். முதல் மாதம் வங்கிக் கணக்கைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். அந்த நாட்கள் கழிந்துபோவதில்லை, தொடக்கம்தான் தள்ளிப்போகிறது. ஆனால் நீங்கள் பதிவு செய்யத் தாமதித்தால் தாமதித்த நாட்களுக்குப் பணம் கிடையாது. பதிவுக்கு 12 மாதம் அவகாசம் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். கடைக்காரரிடம் ‘அத்தெஸ்தாசியோன்’ தாளை (வேலை பார்த்ததற்கு முதலாளி தரும் சான்று) வாங்கி, அரசு வேலைவாய்ப்பு அலுவலகமான பிரான்ஸ் திராவாய் தளத்தில் இன்றே பதிவு செய்யுங்கள். தாள் வரவில்லை என்றாலும் பதிவை முடித்துவிட்டு அப்புறம் சேர்க்கலாம்.

நடுவில் வேலை கிடைத்தால் மீதி நாட்கள் போய்விடுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. போகாது. சில மணி நேர வேலை என்றால் அந்த மொத்தச் சம்பளத்தில் 70 விழுக்காட்டை மாத உதவியிலிருந்து கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். கொடுக்காத நாட்கள் கடைசியில் சேர்ந்துகொள்ளும். என் கருத்தில், கிடைக்கிற சின்ன வேலையை மறுப்பது புத்திசாலித்தனம் அல்ல. மறுபடி ஆறு மாத வேலை சேர்ந்துவிட்டால், பழைய நாட்கள் தீர்ந்ததும் புதிய உரிமை திறக்கும். இன்னொன்று: உதவி ஓடிக்கொண்டிருக்கும்போது செய்யும் வேலையை நீங்களாக விட்டுவிடாதீர்கள். ராஜினாமா செய்தவர்களுக்கு ஷோமாஜ் எளிதில் கிடைப்பதில்லை.

காரைக்கால் பயணத்துக்கு வருவோம். ஒரு காலண்டர் ஆண்டில் மொத்தம் 35 நாள் வரை வெளியூர் போகலாம், பணம் நிற்காது. ஆனால் கிளம்புவதற்கு முன்பே தளத்தில் தெரிவித்துவிடுங்கள். இன்னும் வேலை தேடுகிறேன் என்று தெரிவிக்கும் மாதாந்தர அறிக்கையை 28ஆம் தேதியிலிருந்து அடுத்த மாதம் 15க்குள் கொடுத்தாக வேண்டும். அதை ஊரிலிருந்தே கைப்பேசியில் முடித்துவிடலாம். கல்யாணம், காதுகுத்து என்று இரண்டு மாதம் தங்குவதாக இருந்தால் 35க்கு மேற்பட்ட நாட்களுக்குப் பணம் இல்லை. மறைத்துவிட்டுத் தங்கினால், பின்னால் கண்டுபிடித்து வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். விமானச் சீட்டு எடுக்கும்போதே திரும்பும் தேதியை எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.