எப்ஸ்டீன்-பார் வைரஸ் நம் மரபணுக்களை மாற்றி எழுதுகிறதா?

பொதுவாக எழுதுவதில்லை, எதை வாசிப்பது என்பதைத்தான் மாற்றுகிறது.

1964-இல் கண்டறியப்பட்ட இந்த வைரஸ், பெரியவர்களில் 90 சதவீதத்துக்கும் மேலானோரிடம் இருக்கிறது. நோயெதிர்ப்புக்கான பி செல்லுக்குள் புகுந்ததும் ஈபிஎன்ஏ2 என்ற புரதத்தை உருவாக்கும். அந்தப் புரதத்தால் டிஎன்ஏவை நேரடியாகப் பற்ற முடியாது. அங்கே ஏற்கெனவே ஒட்டியிருக்கும் ஆர்பிபிஜே என்ற நம் சொந்தப் புரதத்தின் தோளில் ஏறிக்கொள்கிறது. வழக்கமாக அண்டைச் செல்லிலிருந்து நாட்ச் என்ற சமிக்ஞை வந்தால் திறக்கும் மரபணுக்கள், அது வராமலேயே திறக்கின்றன. செல் பெருக்கத்தைத் தூண்டும் மிக் மரபணுவும் முடுக்கப்பட, ஓய்விலிருந்த செல் பெருகத் தொடங்குகிறது.

என்னை மிகவும் யோசிக்க வைப்பது 2018-இல் வெளியான ஓர் ஆய்வு: நோயெதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையே தாக்கும் லூபஸ் நோயின் அபாயத்தோடு தொடர்புள்ள மரபணுப் பகுதிகளில் ஏறக்குறைய பாதியில் இதே ஈபிஎன்ஏ2 அமர்ந்திருந்தது. லூபஸுக்கு அதுவே காரணம் என்று இதனால் நிரூபணமாகிவிடாது. ஆனால் தேட வேண்டிய இடம் தெரிந்திருக்கிறது.