மொரிஸ் மைனரின் முன் சஸ்பென்ஷன் போல்ட்: கேள்வி பதில்

தேயிலை ஃபெக்டரி ஒன்றில் 28 வருடம் ஃபிட்டராக இருந்தேன். அதைவிட நீண்ட காலமாக ஒரு மொரிஸ் மைனர் 1000 கார் என்னிடம் இருக்கிறது. முன்பக்கப் போல்ட் மாற்றுவது பற்றி வந்த கேள்விகளுக்கு, என் கை பழகியதைச் சொல்கிறேன்.

ஹட்டன்: அண்ணே, சொக் அப்சோபரைப் பிடிக்கும் போல்ட் ஒன்று அறுந்துவிட்டது. ஹார்ட்வெயார் கடையில் அதே தடிப்பில் வாங்கிப் போட்டேன். போதும்தானே?

போதாது தம்பி, இன்றைக்கே கழற்றிவிடுங்கள். மைனரில் சொக்கின் கைதான் சஸ்பென்ஷனின் மேல் ஆர்ம். அந்த நாலு போல்ட்தான் சக்கரத்தின் மேல்பக்கத்தைத் தாங்குகிறது. கினிகத்தேனை வளைவு ஒவ்வொன்றிலும் அவை இழுபடுகின்றன.

போல்டின் தலையைப் பாருங்கள். அதிலுள்ள கோடு போல்டின் பலத்தைச் சொல்லும்: மூன்று கோடு இருந்தால் கிரேட் 5, ஆறு கோடு என்றால் அதைவிடப் பலமான கிரேட் 8. ஒன்றுமே இல்லாத போல்ட் கேட்டுக்கும் கூரைத் தகரத்துக்கும் உரியது. மெட்ரிக் போல்டை முறுக்கி ஏற்றவும் வேண்டாம். இந்தக் காரின் அடிப்பக்கம் யூ.என்.எஃப். என்ற அங்குல அளவுத் திரெட். 3/8 அங்குலம் என்பது 9.5 மில்லிமீட்டர், அங்கே 10 மில்லிமீட்டரைத் திணித்தால் காரின் உடம்பில் (பொடியில்) உள்ள திரெட் போய்விடும், பிறகு செலவு பத்து மடங்கு.

ஒன்று அறுந்தால் மற்ற மூன்றும் அதன் பாரத்தையும் சேர்த்துச் சுமந்திருக்கும். ஆகவே நாலையும் மாற்றுங்கள், பூட்டு வாசரும் புதிதாகவே இருக்கட்டும். அநேகமாக முதலில் லூசாகி, ஆடி ஆடித்தான் அறுந்திருக்கும். உட்காரும் இடத்தில் உள்ள பெயின்ட்டையும் துருவையும் சுரண்டிவிட்டு இறுக்குங்கள்.

நுவரெலியா: இங்கே பனியும் மழையும். துருப்பிடிக்காத ஸ்டெயின்லஸ் போல்ட் போட்டால் என்ன?

பம்பருக்குப் போடுங்கள், சஸ்பென்ஷனுக்கு வேண்டாம். கடையில் கிடைக்கும் ஏ2-70 ஸ்டெயின்லஸ், கிரேட் 5-க்கு நிகரான 8.8 என்ற மெட்ரிக் போல்டை விடப் பலம் குறைந்தது, சீக்கிரம் நீண்டுவிடும். இறுக்கும்போதே திரெட் ஒன்றோடொன்று ஒட்டிப் பிடிப்பதும் உண்டு. சரியான போல்டுக்குக் கிரீஸ் பூசி, வருடத்துக்கு ஒருமுறை துடைத்துப் பார்த்தால் போதும்.

தலவாக்கலை: போல்ட், ரப்பர் புஷ் எல்லாம் புதிதாகப் போட்டேன். இரண்டு மாதத்தில் புஷ் கிழிந்துவிட்டது. மட்டமான சாமானா?

சாமானைக் குறை சொல்லுமுன் ஒன்று கேட்கிறேன். சக்கரம் தொங்கும்போதே கடைசிவரை இறுக்கினீர்களா? அப்படித்தான் பலர் செய்கிறார்கள். ஆர்ம் அசையும் மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ் சுழல்வதில்லை, முறுக்கிக்கொண்டுதான் அசைகிறது. தொங்கும் நிலையில் இறுக்கினால் அதுவே அதற்கு நடுநிலை ஆகிவிடும். காரை இறக்கியதும் பாதி முறுக்கிலேயே நிற்கும், அதற்கு மேல் குழி விழும்போதெல்லாம் கிழிபடும். கையால் பிடிக்குமளவு மட்டும் இறுக்குங்கள். காரைச் சக்கரத்தில் நிறுத்தி, முன்பக்கத்தை நாலைந்து முறை அமுக்கிவிட்டு, அப்புறம் முழுதாக இறுக்குங்கள்.

பதுளை: துருப்பிடித்த போல்டுக்கு கேஸ் டோர்ச் காட்டலாமா?

டோர்ஷன் பார் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். அந்த நீளக் கம்பிதான் இந்தக் காரின் ஸ்பிரிங். நெருப்புப் பட்டால் பதம் போய்விடும். துரு எண்ணெய் விட்டு மூன்று நாள் பொறுங்கள். ஸ்பெனரும் அங்குலத்தில் இருக்கட்டும்: 1/2 அங்குலத் தலை 12.7 மில்லிமீட்டர், 13 போட்டால் மூலை உருண்டுவிடும். 3/4 தலைக்கு மட்டும் 19 சரியாக உட்காரும்.

பண்டாரவளை: வீட்டிலேயே தனியாகச் செய்யலாமா?

தனியாக வேண்டாம். கீழ் ஆர்ம் டோர்ஷன் பாரின் முறுக்கைத் தாங்கி நிற்கிறது; திடீரென விட்டால் கையை உடைக்கும். ஆர்முக்கு அடியில் ஜெக் வைத்து, மெல்ல மெல்ல இறக்கித்தான் விடவேண்டும். பொடி ஸ்டாண்டில் நிற்கட்டும், கருங்கல்லை நம்பாதீர்கள். நம் பக்கத்தில் வீட்டு முற்றம் பெரும்பாலும் சரிவு. ஃபெக்டரி முற்றமோ கோவில் முற்றமோ, சமதரையாகப் பார்த்துக் கேட்டு வாங்குங்கள்.

கண்டி: பிரேக் பிடித்தால் மட்டும் முன்னால் "டக்" என்கிறது.

டை ரொட்டைப் பாருங்கள். பிரேக் போடும்போது கீழ் ஆர்ம் முன்பின் போகாமல் பிடிப்பது அதுதான். அதன் புஷ், போல்ட் துளை இரண்டையும் சோதியுங்கள்.

மஸ்கெலியா: ஐயா, அப்பாவின் காருக்கு எல்லாப் போல்டும் புதிது. சிவனொளிபாதமலைக்கு நல்லதண்ணி வரை அதில் போகலாமா?

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது, மகள். கீழ் ட்ரனியனைப் பாருங்கள், அதாவது சக்கரத்தைத் தாங்கும் தண்டின் அடியில் திரெட்டில் திருகி நிற்கும் மூட்டை. ஒருமுறை றம்பொடையில் என் காரின் இடப்பக்கச் சக்கரம் அப்படியே மடிந்து படுத்தது. போல்ட் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கிரீஸ் காணாத ட்ரனியனின் திரெட் தேய்ந்து கழன்றிருந்தது. தப்பு என்னுடையது. மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்ததால் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

முன்பக்கத்தை ஜெக்கில் தூக்குங்கள். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள், ஒருவர் பிரேக்கை மிதித்திருக்கட்டும். அப்போதும் ஆடினால் பெயரிங்கில் கோளாறு இல்லை, ட்ரனியன் பக்கம்தான், மாற்றாமல் போகவேண்டாம். இடமும் வலமும் தனித்தனி, கடையில் சொல்லிக் கேளுங்கள். ஆட்டம் இல்லையென்றால், தூக்கிய நிலையிலேயே புதுக் கிரீஸ் வெளியே வரும்வரை அடியுங்கள். நான் ஆயிரம் மைலுக்கு ஒருமுறை அடிக்கிறேன்.

ஐம்பது மைல் ஓடியதும் புதுப் போல்டுகளை இன்னொருமுறை இறுக்கிப் பாருங்கள். அப்புறம் தாராளமாகப் போய்வாருங்கள். இறக்கத்தில் இரண்டாம் கியர்.