எம்.எட்.டா, எம்.ஏ.வா, பி.எட்.டா?

அன்புள்ள மேடம்,

எம்.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டேன். ஆர்.கே.புரத்தில் இருக்கிறோம். ஒன்பது, பத்தாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சராக ஆசை. நேராக எம்.எட். சேர்ந்துவிடு, அதற்குத்தான் மதிப்பு என்கிறார் மாமா. பெங்களூருவில் எம்.ஏ. கல்வியியல் படிக்கலாம் என்கிறாள் தோழி. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

க., தில்லி

அன்புள்ள க.,

பி.எட். போன்ற ஆசிரியர் பயிற்சி ஒன்றை முடிக்காமல் எம்.எட். சேர முடியாது. நாளைக்கு பி.எட். கல்லூரியில் பாடம் எடுக்க நினைப்பவர்களுக்கு அது உதவும். தோழி சொல்வது அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகமாக இருக்கும். கல்விக் கொள்கை, பாடத்திட்டம் என்று ஆழமாகப் படிக்க நல்ல இடம்தான். ஆனால் அந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு கேந்திரிய வித்யாலயாவில் ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது.

உங்கள் ஆசைக்கு வேண்டியது பி.எட். பத்தாம் வகுப்பு வரை எடுக்கும் டி.ஜி.டி. வேலைக்கு அதோடு சிடெட் என்னும் மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளும் தேவை. கையில் எம்.எஸ்சி. இருப்பதால் பதினொன்று, பன்னிரண்டுக்கான பி.ஜி.டி. வேலைக்கும் போகலாம்.

சரி, எந்தக் கல்லூரி? தில்லிப் பல்கலைக்கழகத்தின் கல்வித் துறை 1947-ல் தொடங்கியது. கிடைத்தால் யோசிக்காமல் சேருங்கள். கிடைக்காவிட்டால், ஆசிரியர் கல்விக்கான தேசியக் கவுன்சிலான என்.சி.டி.இ.யின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்த கையோடு, பயிற்சிக்கு எந்தப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள், உங்கள் வகுப்பை யார் வந்து பார்ப்பார்கள் என்று கேளுங்கள். எனக்கு இதுதான் முக்கியம். இரண்டாண்டு பி.எட்.டில் இருபது வாரம் பள்ளியில் இருக்க வேண்டும் என்பது 2014 விதி. ஆசிரியர் உருவாவது அந்த வாரங்களில்தான்.

ஏழாம் வகுப்பில் மைனஸ் மூன்றை மைனஸ் இரண்டால் பெருக்கினால் ஏன் பிளஸ் ஆறு என்று ஒரு பெண் கேட்பாள். 'அதுதான் விதி' என்று போர்டு பக்கம் திரும்பிவிடத் தோன்றும். கடைசி பெஞ்சில் நல்ல மேற்பார்வையாளர் ஒருவர் உட்கார்ந்திருந்தால், வகுப்பு முடிந்ததும் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டுவார். மூன்றை மைனஸ் இரண்டால் பெருக்கு, அப்புறம் இரண்டை, ஒன்றை, பூஜ்யத்தை. விடை மைனஸ் ஆறு, மைனஸ் நான்கு, மைனஸ் இரண்டு, பூஜ்யம் என்று இரண்டிரண்டாக ஏறுவதைப் பிள்ளைகளே பார்க்கட்டும், அடுத்து என்ன வரும் என்று அவர்களையே கேள் என்பார். எம்.எஸ்சி.யில் இதை யாரும் உங்களுக்குச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

வருகையே வேண்டாம், பரீட்சைக்கு வந்தால் போதும் என்று சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகளும் உண்டு. அங்கே பத்துப் பாடக் குறிப்புக்கு ஒரே நாளில் ஒரே பேனாவில் கையெழுத்து விழும். இதை நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது. அப்படிப் பயிற்சி பெற்றவரிடம் கணக்கைக் கண்டு பயந்துபோகும் பிள்ளைகள் அந்தப் பயத்தோடேயே பள்ளியை விட்டுப் போகிறார்கள்.

சேருமுன் அங்கே படிக்கும் சீனியர் ஒருவரைப் பிடித்து, பயிற்சி நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். 'மூன்றாவது வரிசையில் நாலு பேர் நோட்டையே திறக்கவில்லை' என்பது மாதிரிக் குறிப்புகள் இருந்தால் தைரியமாகச் சேரலாம். பக்கத்துக்குப் பக்கம் 'நன்று' மட்டும் இருந்தால் வேறு கல்லூரி பாருங்கள்.

இன்னொன்று. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி உங்கள் ஆர்.கே.புரத்திலேயே இருக்கிறது. முதல்வரைப் பார்த்து, ஒரு வாரம் ஒன்பதாம் வகுப்பில் உட்கார அனுமதி கேளுங்கள். பார்த்ததை எனக்கும் எழுதுங்கள்.