கொரோனா காலத்தில் கர்ப்பம்: வேலையை எப்போது நிறுத்துவது? (2021 கேள்வி-பதில்)

கேள்வி: ஐ.டி. வேலை. பிரசவத் தேதி 2022 ஜனவரி 15. எந்த நாளிலிருந்து மகப்பேறு விடுப்பு எடுக்கலாம்? மூன்றாவது அலை வரும் என்கிறார்களே, இப்போதே நின்றுவிடட்டுமா?

பதில்: முதல் இரண்டு குழந்தைகளுக்கு மொத்தம் 26 வாரம், அதாவது 182 நாள். அதில் பிரசவத்துக்கு முன் அதிகபட்சம் 8 வாரம். உங்கள் கணக்கில் 2021 நவம்பர் 20 முதல் எடுக்கலாம். அன்றே தொடங்கினால் 2022 மே 20 வரை ஓடும். டிசம்பர் முழுக்க வேலை பார்த்துவிட்டு ஜனவரி 1-ல் தொடங்கினால் ஜூலை 1 வரை குழந்தையோடு இருக்கலாம். எல்லாம் ஒரே 182 நாள்தான். முன்னால் எடுத்தது பின்னால் குறையும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கொரோனா தீவிரமாகும் ஆபத்து 28 வாரத்துக்குப் பிறகு கூடுகிறது. குறைப்பிரசவ அபாயமும் உண்டு. உங்களுக்கு 28 வாரம் முடிவது அக்டோபர் 23. சட்டம் கதவைத் திறப்பதோ நவம்பர் 20. நடுவில் இருக்கும் இந்த நான்கு வாரத்துக்குத்தான் திட்டம் வேண்டும். உங்கள் வேலை வீட்டிலிருந்து செய்யக்கூடியது, ஆகவே நிற்க வேண்டாம். அலுவலகம் போவதை மட்டும் நிறுத்துங்கள். அக்டோபர் முதல் வாரமே எச்.ஆருக்கு மெயில் போடுங்கள். டாக்டர் சான்றில் "7-ஆம் மாதம்" என்று எழுத விடாதீர்கள். நாம் மாதம் எண்ணுவது வீட்டுக்கு வீடு மாறும். "இன்ன தேதியில் 28 வாரம், எதிர்பார்க்கும் பிரசவத் தேதி இது" என்று இருக்கட்டும். ஸ்கேன் தேதியும் மாதவிலக்குக் கணக்குத் தேதியும் வேறாக இருந்தால், டாக்டர் உறுதி செய்த ஒன்றையே எல்லாத் தாள்களிலும் போடச் சொல்லுங்கள். இந்த முரண்பாட்டால் விண்ணப்பம் திரும்பி வரலாம்.

கேள்வி: ஜவுளிக்கடையில் விற்பனைப் பிரிவு. பத்து மணி நேரம் நிற்கிறேன், கூட்டமும் அதிகம். முன்கூட்டியே வேலையை நிறுத்த வசதி இல்லை.

பதில்: மகப்பேறு சட்டத்தில் ஒரு பிரிவு உங்களுக்காகவே இருக்கிறது, கேட்பவர்கள்தான் குறைவு. பிரசவத் தேதிக்கு முந்தைய 6 வாரம், அதற்கும் முந்தைய 1 மாதம், ஆக ஏறத்தாழ 10 வாரத்துக்கு, நெடுநேரம் நிற்கும் வேலையோ கடும் வேலையோ தரக்கூடாது. ஆனால் நீங்கள் கேட்டால்தான் தடை பொருந்தும். வாயால் சொன்னதை நாளைக்கு யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் மேலாளரின் கையெழுத்தும் தேதியும் வாங்கி வையுங்கள். பில் கவுன்ட்டரிலோ ஸ்டாக் கணக்கிலோ உட்கார வைத்தார்கள் என்பதற்காகச் சம்பளத்தைக் குறைக்கவும் கூடாது. அதுவும் சட்டத்தில் இருக்கிறது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்ற திருத்தமும் 2021 செப்டம்பரில் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது.

உங்கள் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருந்தால் மகப்பேறு பணத்தை முதலாளி தரமாட்டார், இ.எஸ்.ஐ. தரும். முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் (ஒரு காலம் ஆறு மாதம்) 70 நாள் சந்தா போயிருக்க வேண்டும். ஊரடங்கில் கடை மூடியிருந்த மாதங்களுக்குச் சந்தா போனதா என்று இப்போதே பாருங்கள்.

கேள்வி: இ.எஸ்.ஐ. இல்லை. ஊரடங்கால் வேலை நாள் குறைந்துவிட்டது. மகப்பேறு பணத்துக்கு வேண்டிய 80 நாள் வேலை வருமா? பணம் குறையுமா?

பதில்: பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் போதும். லே-ஆஃபில் (முதலாளி வேலை தர முடியாமல் நிறுத்தி வைத்ததில்) இருந்த நாள்களும், சம்பளத்தோடு கூடிய சட்டப்படியான விடுமுறைகளும் இதில் சேரும். தொகைக்கு, விடுப்பில் போவதற்கு முந்தைய மூன்று காலண்டர் மாதங்களில் வேலை செய்த நாள்களின் சராசரி தினக்கூலியைப் பார்ப்பார்கள். சம்பளமில்லா விடுப்பு அந்தச் சராசரியை இறக்காது. சம்பள வெட்டு இறக்கும். பிரசவத்துக்கு முந்தைய பகுதியைக் கர்ப்பச் சான்று கொடுத்ததும் முன்பணமாகத் தர வேண்டும். மீதியைப் பிரசவச் சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள்.

கேள்வி: தனியார் மருத்துவமனை நர்ஸ், 26 வாரம். கோவிட் வார்டில் போடுகிறார்கள்.

பதில்: இப்போதே வார்டு மாற்றம் எழுதிக் கேளுங்கள், 28 வாரத்துக்குப் பிறகு நோயாளியோடு நேரடித் தொடர்பில்லாத பணியே நல்லது. மாறும்வரை பி.பி.இ. எனும் முழுப் பாதுகாப்பு உடையில் நீண்ட ஷிப்ட் வேண்டாம். வியர்த்து, தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கினால் சிறுநீர்த் தொற்று வரும். அதுவே பிரசவ வலியைக் கிளப்பிவிடலாம். தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். 2021 ஜூலை 2 முதல் கர்ப்பிணிகளுக்கும் அனுமதி உண்டு, எந்த மாதத்திலும் போடலாம்.

கேள்வி: கொரோனா வந்துவிட்டது. மகப்பேறு விடுப்பில் கழிக்கச் சொல்கிறார்கள்.

பதில்: கழிக்காதீர்கள். அது நோய் விடுப்பு. இ.எஸ்.ஐ. தகுதி இருந்தால் நோய்க்காலப் பயனாகக் கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். குறைப்பிரசவமோ கர்ப்பத்தால் வந்த நோயோ ஆனால் மகப்பேறு சட்டப்படி கூடுதலாக 1 மாதம் தனியாக உண்டு. வீட்டில் இருக்கும்போது ரத்த ஆக்சிஜன் அளவு 95-க்குக் கீழே போனாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: மூன்றாவது குழந்தை?

பதில்: 12 வாரம், முன்னால் 6 வாரம் வரை.

கேள்வி: "ராஜினாமா எழுதிக் கொடு, பிறகு சேர்த்துக்கொள்கிறோம்" என்கிறார் முதலாளி.

பதில்: எழுதாதீர்கள். விடுப்பில் இருக்கும்போது நீக்குவது சட்டவிரோதம். ஆனால் நீங்களே எழுதிக் கொடுத்த தாளை எதிர்த்து வாதாடுவது மிகவும் கஷ்டம். நீக்கிவிட்டால் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். பணம் தராவிட்டால் தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் மனுக் கொடுங்கள். கையெழுத்து வாங்கி வைத்த அந்த இரண்டாவது பிரதி அங்கேதான் உதவும்.